குஞ்சக்காவின் மேற்குச் சுவர்

பாண்டி முத்தியால்பேட்டையில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலத்தில், என் கடையிலிருந்து உலகத்தை அதிகமாகக் கேள்வி கேட்டவர் ஒரு மீன்காரம்மா. அவர் ஒரு நாளும் கீபோர்டைத் தொட்டதில்லை. "என் கை ஈரம், தம்பி. நீயே அடி" என்பார். கை நன்றாகக் காய்ந்திருக்கும் நாளிலும் அதே பதில்தான்.

பெயர் குஞ்சம்மாள். எல்லோருக்கும் குஞ்சக்கா. கடலோரக் குப்பத்திலிருந்து தினமும் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோய் விற்பவர். கணவர் கலியபெருமாள் கடலுக்குப் போகிறவர். பேசும் பொறுப்பை முழுக்க மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். ஒரே மகன் அருள்முருகன் 2006-இல் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். அவன் முகத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, குஞ்சக்கா என் கடைப் படி ஏறினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அவர் வந்ததை நான் ரசிக்கவில்லை. பிரான்சில் இருக்கும் மகளோடும் மாப்பிள்ளையோடும் பேச வருகிறவர்கள்தான் என் கடையின் முக்கிய வாடிக்கை. சென்ட் அடித்துக்கொண்டு வருவார்கள், பிரெஞ்சில் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லி உட்காருவார்கள். நடுவில் மீன் கூடையோடு ஒருவர் வந்தால் மூக்கைச் சுளிப்பார்களே என்று பயந்து, குஞ்சக்காவை வாசல் ஓரத்து மெஷினில் உட்கார வைத்தேன். "காத்து நல்லா வருது தம்பி" என்று அவர் சொன்னபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இடத்தை மாற்றவில்லை.

ஒரு நாள் அருள்முருகனுக்கு ஷிஃப்ட் மாறி, அவன் திரையில் வரவில்லை. அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்துவிட்ட குஞ்சக்கா எழுந்து போக மனமில்லாமல் என் மெஷினை எட்டிப் பார்த்தார். மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாத என் ஸ்கூட்டரைப் பற்றி ஓர் இங்கிலீஷ் ஃபோரத்தில் புலம்பிக்கொண்டிருந்தேன். வீட்டு ரிப்பேர், வண்டி, சமையலறை என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள்.

"யார்கிட்ட பேசற?"

"தெரியாதவங்ககிட்ட, அக்கா."

"தெரியாதவங்ககிட்ட இன்னா பேச்சு?"

"வண்டி ஏன் ஸ்டார்ட் ஆவலன்னு கேட்டேன். பிளக்கைப் பாருன்னு ஒருத்தர் சொல்றாரு. கனடாவுல இருக்காராம்."

"அவருக்கு இதுல இன்னா கெடைக்குது?"

"ஒண்ணும் கெடைக்காது."

"ஒண்ணும் கெடைக்காம சொல்றாரா?" என்று கேட்டுவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்படின்னா நான் ஒண்ணு கேக்கறேன், அடி."

அவருடைய முதல் கேள்வி தெர்மகோல் பெட்டியைப் பற்றியது. ஐஸ் போட்டு மீன் வைக்கும் பெட்டியில் எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகவில்லை, என்ன செய்வது? அடுத்த நாளே நான்கு பதில் வந்தது. ஒருவர் சமையல் சோடாவைக் கரைத்து ஊற வைக்கச் சொன்னார். ஒருவர் காபித் தூளை ஒரு கிண்ணத்தில் வைத்து மூடச் சொன்னார். குஞ்சக்கா இரண்டையும் செய்து பார்த்தார். மூன்றாம் நாள் மார்க்கெட்டிலிருந்து நேராக என் கடைக்கு வந்தார்.

"அடி தம்பி. சோடா சொன்ன மகராசன் நல்லா இருக்கணும். காபி சொன்னவங்ககிட்ட சொல்லு, வஞ்சிரம் பூரா காபி வாசனை. ஒரு ஐயரு மாமி மட்டும்தான் கிட்ட வந்து மோந்து பாத்தாங்க. அவங்களும் வாங்கல."

"இதையெல்லாம் எதுக்குக்கா அடிக்கணும்? பதில் வந்துடுச்சு, வேலை முடிஞ்சுது."

குஞ்சக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்து மீன் வாங்கினவங்க இன்னிக்கு அந்தப் பக்கம் வந்தா, கொழம்பு எப்படி இருந்துச்சுன்னு நான் கேக்கறேன் இல்ல? நல்லா இருந்தா நல்லா இருந்துச்சும்பாங்க. கெட்டிருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்வாங்க. அப்பதானே நான் நாளைக்கு ஒழுங்கா விப்பேன்? கேக்கத் தெரிஞ்சவ திரும்பிப் போய் சொல்லவும் தெரிஞ்சிருக்கணும்."

காபி விஷயத்தையும் அடித்தேன். ஃபோரமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து "குஞ்சக்கா பாண்டி" என்ற பெயரில் ஒரு கேள்வி வந்தால் போதும், வேலையை விட்டுவிட்டுப் பதில் சொல்ல ஆள் இருந்தது. ஏனென்றால் அங்கே கேட்கிறவர்கள் ஆயிரம் பேர். கேட்டதைச் செய்து பார்த்துவிட்டு, பலித்ததா பலிக்கவில்லையா என்று வந்து சொல்கிறவர் இவர் ஒருவர்தான். குக்கர் மூடி சிக்கிக்கொண்டது, சைக்கிள் செயின் உப்புக் காற்றில் துருப்பிடித்தது, பீரோக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொண்டது என்று இரண்டு வருஷம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் திரும்பி வந்து கணக்காகப் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். நான் பி.காம். என் ஸ்கூட்டர் பிளக்கைச் சொல்லிக் கொடுத்த கனடாக்காரருக்கு நான் ஒரு நன்றிகூடப் போடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

2008-இல் சுவர் பிரச்சினை வந்தது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் குஞ்சக்கா சொந்தமாகக் கட்டிய வீடு அது. ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. கட்டியவர் கருவடிக்குப்பத்துக் கொத்தனார் சுப்பராயன். அவரும் எனக்குத் தெரிந்தவர்தான், காலையில் டி.வி.எஸ். வண்டியை என் கடை வாசலில் நிறுத்தி, பக்கத்துக் கடையில் என்னோடு டீ குடித்துவிட்டுக் கடலோரக் குப்பத்துக்கு வேலைக்குப் போவார். அந்த வீட்டின் மேற்குச் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பூச்சு உரிந்து விழ ஆரம்பித்தது. தட்டினால் பிடிப் பிடியாகக் கொட்டியது.

குஞ்சக்கா தீர்மானமாகச் சொன்னார்: சுப்பராயன் உப்புப் பிடித்த கடல் மண்ணைக் கலந்து பூசிவிட்டான். குப்பத்தில் சொன்னால் போதாதா? அங்கே சுப்பராயன் கையில் அப்போது இரண்டு வீடு பாதியில் நின்றன. இரண்டு வீட்டுக்காரர்களும் வேலையை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து என்று முடிவானது. கடல் மண் கலந்தது உறுதியானால் இனி குப்பத்தில் ஒரு செங்கல்கூட சுப்பராயன் வைக்க முடியாது. அதோடு நிற்குமா? கொத்தனாருக்கு வேலை வருவது பேரை வைத்துத்தான். கடல் மண் போடுகிறவன் என்ற பேர் குப்பத்தில் கிளம்பினால் கருவடிக்குப்பம் போய்ச் சேர ஒரு நாள் போதும். சுப்பராயன் என் கடை வாசலில் வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டார்.

புதன்கிழமை குஞ்சக்கா வந்தார். உட்காரவில்லை.

"அடி தம்பி. கடல் மண்ணு கலந்து பூசினா செவுரு இப்படித்தான் ஆவுமான்னு கேளு. ஆவும்னு சொன்னா அதை ஒரு காயிதத்துல எடுத்துக் குடு. ஞாயித்துக்கெழமை பஞ்சாயத்துல காட்டணும். வெளிநாட்டுக்காரனே சொல்லிட்டான்னா அவன் வாயைத் தொறக்க முடியாது."

நானும் யோசிக்காமல் அடித்தேன். என் இங்கிலீஷ் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொத்தனார் ஏமாற்றிவிட்டான், கடல் மண்ணைக் கலந்துவிட்டான் என்பதைக் காரசாரமாக நான்கு வரி எழுதி, கடைசியில் ஒருவழியாகச் சுவரைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தினமும் என்னோடு டீ குடித்தவர் அந்த மனிதர். அப்படிச் செய்வாரா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை பதில் வந்திருந்தது. எழுதியவர் கரணை என்ற பொருள் வரும் இங்கிலீஷ் பெயரை வைத்துக்கொண்டிருந்தார். கொத்தனார் கையில் இருக்குமே, பூச உதவும் அந்தக் கரணைதான். போர்ச்சுகலில் ஒரு கடலோர ஊர், நாற்பது வருஷமாகப் பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறாராம். அவர் எழுதியதைக் குஞ்சக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

'கொத்தனாரை விடுங்கள், அம்மா. சுவரைச் சொல்லுங்கள். வெள்ளை எவ்வளவு உயரம் வரை இருக்கிறது? எல்லாச் சுவரிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா? அந்த வெள்ளையை நாக்கில் வைத்தால் கரிக்கிறதா?'

"கொத்தனாரை விடறதா? நல்லா இருக்குதே ஞாயம்!" என்று குஞ்சக்கா பொரிந்தார். "அவன்தானே செஞ்சான்? அவனை விட்டுட்டு செவுத்தை இன்னா கேக்கறது?"

"கேட்டவருக்குப் பதில் சொல்லணும்னு நீங்கதானேக்கா சொல்வீங்க?"

என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். ஆனால் போனவர் செய்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரோடு நானும் என் கேமரா போனை எடுத்துக்கொண்டு போனேன். மேற்குச் சுவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, சாணால் அளந்தார். தரையிலிருந்து இரண்டு சாண். அதற்கு மேலே சுவர் சுத்தமாக இருந்தது. மற்ற மூன்று சுவரையும் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். பொட்டுகூட வெள்ளை இல்லை. மூலையில்தான் பூச்சு அதிகமாகக் கொட்டியிருந்தது. அந்த இடத்தில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

"கரிக்குது" என்றார்.

"அப்ப கடல் மண்ணுதான்" என்றேன் நான், பெரிய ஆள் மாதிரி.

அவர் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். நான் நாலு போட்டோ எடுத்து, அளவையும் சேர்த்து அன்றே ஃபோரத்தில் போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையைத் திறந்ததும் வந்துவிட்டார். போர்ச்சுகல்காரர் போட்டோவைப் பார்த்து நீளமாக எழுதியிருந்தார். மண்ணில் உப்பு இருந்தால் அந்த மண் பூசிய சுவரெல்லாம், மேலிருந்து கீழ் வரை பூத்திருக்க வேண்டும். ஒரே சுவரில், அதுவும் முழங்கால் உயரம் மட்டும் என்றால் உப்பு கீழேயிருந்து ஏறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலத் தண்ணீர் செங்கல்லில் ஏறி, காய்ந்து, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: 'அந்த மூலையில் சுவரை ஒட்டி ஒரு சின்னத் தென்னங்கன்று தெரிகிறது. அதைச் சுற்றி மண் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. அங்கே என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?'

நான் படித்து முடித்ததும் குஞ்சக்கா அந்தக் கன்று தெரிந்த போட்டோவைத் திறக்கச் சொன்னார்.

சிங்கப்பூர் போவதற்கு முதல் நாள் அருள்முருகன் நட்டுவிட்டுப் போன கன்று அது. தினமும் சாயங்காலம் குஞ்சக்கா மார்க்கெட்டிலிருந்து வந்ததும் ஐஸ் பெட்டியைக் கொண்டுபோய் அதன் அடியில்தான் கவிழ்ப்பார். மீன் கூடுதல் குளிர்ச்சியில் இருக்க ஐஸ் மேல் கல்லுப்பு தூவுவது மீன்காரர்கள் வழக்கம். கரைந்த ஐஸும் உப்பும் மீன் தண்ணீருமாக இரண்டு குடம் தேறும். தென்னைக்கு உப்பும் நல்லது, மீன் தண்ணீரும் நல்லது என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எனவே பிள்ளை நட்ட மரத்துக்கு ஒரு நாள் தவறாமல் ஊற்றினார். இரண்டு வருஷம், சுவர் ஓரத்திலேயே.

"அவன் சொன்னான் தம்பி" என்றார் மெதுவாக.

"யாரு?"

"சுப்பராயன். மொத மொதல்ல செவுரு உதிர்ந்தப்போ வந்து பாத்துட்டு சொன்னான். அக்கா, தென்னைக்கு ஊத்தற தண்ணியை நிறுத்துங்கன்னு. எம்புள்ள வெச்ச மரத்துமேல பழியைப் போடறியா, நீ செஞ்ச திருட்டுத்தனத்துக்குன்னு கேட்டு வெரட்டி விட்டேன்."

எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாளைக்குக் காலையில் பஞ்சாயத்து. குப்பம் முழுவதும் உட்கார்ந்திருக்கும். ஒரு வழி சொன்னேன்.

"அக்கா, இது நமக்குள்ள இருக்கட்டும். பஞ்சாயத்துல போய், சுப்பராயனை மன்னிச்சுட்டேன், புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்லிடுங்க. உங்களுக்கும் மரியாதை, அவருக்கும் பிரச்சினை தீந்துடும்."

குஞ்சக்கா என்னைப் பார்த்த பார்வை, மார்க்கெட்டில் கெட்ட மீனைத் தள்ளிவிடுவது போலிருந்தது.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா, அவன் திருடன்னுதானே அர்த்தம்? படிச்சவன்தானே நீ?"

அன்று அவர் காகிதம் கேட்கவில்லை. போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கோயிலுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அந்த நான்கு வரியை எழுதியது என் கைதானே. பஞ்சாயத்தார் ஐந்து பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பராயன் ஓரமாக நின்றார், சட்டையைக் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு. நாலு நாளில் ஆள் இளைத்துப் போயிருந்தார். பாதியில் நின்ற வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். கலியபெருமாள் மனைவிக்குப் பின்னால், வழக்கம்போல வாய் திறக்காமல்.

"குஞ்சம்மா, உன் புகாரைச் சொல்லு" என்றார் பெரிய பஞ்சாயத்தார் பலராமன்.

குஞ்சக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். மீன் விற்கிற அதே குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"புகார் எம்மேலதான். செவுத்தைக் கெடுத்தது நான். தென்னம்புள்ளைக்குன்னு தெனமும் உப்புத் தண்ணியைச் செவுத்தோரம் ஊத்தனேன். அது ஏறி உரிஞ்சுது. சுப்பராயன் நல்ல மண்ணுதான் போட்டான். மத்த மூணு செவுரும் சாட்சி, யார் வேணும்னாலும் வந்து தடவிப் பாருங்க. அவனைத் திருடன்னு சொன்னது என் தப்பு. வேலையை நிறுத்தினவங்க நாளைக்கே கூப்பிட்டுக்குங்க."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் பலர் சிரித்தார்கள். மீன் தண்ணியைச் சுவருக்கு ஊற்றிவிட்டுக் கொத்தனாரைப் பஞ்சாயத்துக்கு இழுத்த கதையை அந்தக் குப்பம் இன்னும் பத்து வருஷம் பேசும் என்பது குஞ்சக்காவுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் நின்றார். சிரிப்பு அடங்குகிற வரை நகராமல் நின்றார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நிச்சயம் மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் பலராமன்.

"போர்ச்சுகல்ல ஒருத்தரு. அவரு மூஞ்சிகூட எனக்குத் தெரியாது."

அதைக் கேட்டதும் சுப்பராயனால் பொறுக்க முடியவில்லை. முன்னால் வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது, அது கோபமா சந்தோஷமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இதையேதானேக்கா நானும் சொன்னேன்? உங்க வாசல்ல நின்னு சொன்னேனே? யாரோ ஊரு பேரு தெரியாதவரு சொன்னா கேப்பீங்க, வீடு கட்டிக் குடுத்தவன் சொன்னா கேக்க மாட்டீங்களா?"

குஞ்சக்கா அவரை நேராகப் பார்த்தார்.

"நீ சொன்னப்போ நான் உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தேன், சுப்பராயா. அந்த ஆளு சொன்னப்போதான் செவுத்தைப் பாத்தேன்."

மறுநாள் சுப்பராயன் குப்பத்து வேலைக்குப் போகிற வழியில் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். அந்த வாரமே கன்றை வேரோடு பெயர்த்து, சுவரிலிருந்து பத்தடி தள்ளி நட்டுக் கொடுத்ததும் அவர்தான். அது பிழைத்துக்கொண்டது.

அதே திங்கட்கிழமை சாயங்காலம் குஞ்சக்கா வந்தார். நான் வாசல் ஓரத்து மெஷினை விட்டு, ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து, போர்ச்சுகல்காரருக்கு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். பஞ்சாயத்தில் சிரித்ததைக்கூட விடவில்லை. முடிந்தது என்று நான் நினைத்தபோது, "இன்னொண்ணு அடி. எங்க ஊரு கொத்தனாரும் இதையேதான் மொதல்லயே சொன்னாரு. அவரு பேரு சுப்பராயன், கருவடிக்குப்பம்" என்றார்.

அவர் எழுந்து போவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரே வரி: 'முதலிலேயே சொல்லிவிட்டார் என்றால், சுப்பராயன் என்னைவிட நல்ல கொத்தனார்.'

குஞ்சக்கா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அதை ஒரு காயிதத்துல எடுத்துக் குடு தம்பி" என்றார். "அவன் வீட்டுக்குப் போறேன்."